பேச்சி ஏன் சிரித்தாள்

சென்ற மாதம் தென்காசியில் ஒரு பயிற்சி வகுப்பில் பேச என்னை அழைத்திருந்தார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளைக் கவனிக்கப் புதிதாகச் சேர்ந்திருக்கும் செவிலியர்களுக்கான வகுப்பு. ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி பழைய அனுபவம் எதையாவது சொல்லட்டும் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு முன்னால் பேசிய சின்னப் பெண், "இவங்களுக்கு அடுத்தவங்க மனசுல என்ன இருக்குன்னு புரியாது. அடுத்தவங்க வேதனை இவங்களத் தொடாது" என்றாள். முதல் வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். இரண்டாவது வாக்கியத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் முறை வந்தபோது எழுந்து நின்றேன், எங்கிருந்து தொடங்குவது என்று பார்த்தேன். "ஒங்க காலத்துல இப்படி யாரையாவது பாத்திருக்கீங்களா மேடம்?" என்று அந்தப் பெண்தான் எடுத்துக் கொடுத்தாள். பார்த்திருக்கிறேன், எழுதித் தருகிறேன் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் இலஞ்சி. வயல் வேலை செய்த குடும்பம். வீட்டில் முதலில் பள்ளி இறுதி வரை படித்தவள் நான்தான். பாளையங்கோட்டையில் நர்ஸ் பயிற்சி முடித்து, எழுபதுகளின் நடுவில் தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் சேர்ந்தேன். அந்த வார்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் எஸ்தர் சிஸ்டர்.

சிஸ்டருக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, கல்யாணம் ஆகாதவர், சொந்த ஊர் நாசரேத் பக்கம். யாரோடு பேசினாலும் அவர் கண் அவர்களுடைய காதின் மேலோ தோளின் மேலோதான் இருக்கும். குரலில் ஏற்ற இறக்கம் கிடையாது. டாக்டரிடம் பேசுகிற அதே குரல்தான் தோட்டியிடமும். எவளாவது கிட்னி டிரே என்கிற எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டால் அந்தச் சத்தத்துக்கு அவருக்கு முகம் வெளுத்துவிடும். கழுத்தை ஒட்டிய மேல்சட்டை அணியமாட்டார், துணி உரசினால் தாங்காது. நோயாளிகள் அவருக்கு வைத்திருந்த பெயர் மரக்கட்டை. அவர் காதில் விழும்படியே சொல்வார்கள்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் என்ன செய்யப்போகிறார் என்பதைச் சொல்லிவிடுவார். "இப்ப ஊசி போடப் போறேன். குத்தும்போது வலிக்கும். மருந்து ஏறும்போது அதவிட வலிக்கும். பொறவு கொறஞ்சிரும்." ஊசி போட்ட பிறகு, "முடிஞ்சிட்டு" என்பார். புண் கட்டுப் பிரிக்கும்போதும், படுக்கைப் புண் வராமல் முதுகைத் துடைத்துப் பவுடர் போடும்போதும் இதே கதைதான். நாங்களெல்லாம் "ஒண்ணும் வலிக்காதும்மா, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று சொல்லிக் குத்திவிடுகிற ஆட்கள். சிஸ்டர் அப்படி ஒருவரிடமும் சொன்னதில்லை. ஒருமுறை நான் சொன்னபோது, "வலிக்கும்லா? பொறவு ஏன் வலிக்காதுன்னு சொல்லுத?" என்று கேட்டார். கண்டித்துக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

ஒருநாள் செங்கோட்டையிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார்கள். நிறைமாதம், பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோயிருந்தது. "டாக்டர் வந்து சொல்லுவாரும்மா" என்று நாங்கள் எல்லோரும் நழுவிக்கொண்டிருந்தோம். அவள் சிஸ்டர் கையைப் பிடித்து, "எம் புள்ள அசைய மாட்டேங்கு சிஸ்டர்" என்றாள். சிஸ்டர் அவள் தோளைப் பார்த்தபடி, "புள்ள எறந்துட்டு. ஆனா நீ அதப் பெத்துத்தான் ஆகணும். வலிக்கும். நான் கூட இருக்கேன்" என்றார். அவளுடைய அம்மா, "நீ மனுசியா, கல்லா? இப்பிடியா சொல்லுவா ஒருத்தி?" என்று வார்டே கேட்கும்படி கத்தினாள். அந்தப் பெண்ணுக்கும் அந்த நேரத்தில் அந்தச் சொல் வெட்டாகத்தான் விழுந்திருக்கும். அதை நான் மறைத்து எழுத மாட்டேன். ஆனால் பிரசவம் முடியும்வரை சிஸ்டர் அவள் தலைமாட்டை விட்டு நகரவில்லை என்பதையும் எழுத வேண்டும்.

பிறகு துணிகள் அடுக்கும் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்.

"கோமதி, கத்தின அந்த ஆச்சி மூஞ்சில என்ன இருந்துச்சு? கோவமா, பயமா?"

"ரெண்டும் இல்ல சிஸ்டர். அவங்களுக்குத் தாங்க முடியல."

"தாங்க முடியல" என்று அவர் திருப்பிச் சொன்னார். பிறகு அடுக்கியிருந்த போர்வைகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்படி ஓர் அழுகையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மரக்கட்டை என்று நானும்தான் நம்பியிருந்தேன்.

முகத்தை வாசிக்க அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால், நம்மைவிட அதிகமாக அவருக்கு உள்ளே இறங்கியது. அன்று முதல் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. "நீ மூஞ்சியப் பாத்து எங்கிட்டச் சொல்லிரு. தெரிஞ்சா நான் செய்ய வேண்டியதச் செஞ்சிருவேன்." பல வருடம் அப்படியே வேலை பார்த்தோம். "சிஸ்டர், அந்த மூணாவது கட்டில் அக்கா சிரிச்சுப் பேசுதாங்க, ஆனா பயந்துபோய் இருக்காங்க" என்பேன். அவர் நேரே போய், "எதுக்குப் பயப்படுத? கேளு, சொல்லுதேன்" என்று நிற்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில், குற்றாலத்தில் சாரல் நன்றாகப் பிடித்திருந்த சமயம், கடையத்துக்குப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த செல்லம்மாள் என்ற அம்மாவை அங்கிருந்து தூக்கிவந்தார்கள். அருவிப் பாறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. விலாவிலும் அடி. கூட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவருடைய தம்பி சுப்பையா, விவசாயி. இன்னொருத்தி மகள் பேச்சி. இருபது வயதைத் தாண்டியவள். உடம்பெல்லாம் ஈரம். யாரையும் பார்க்காமல், அம்மாவின் சேலை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றாள்.

குற்றாலத் தண்ணீர் தலையில் விழுந்தால் புத்தி தெளியும் என்று அந்தக் காலத்தில் எங்கெங்கிருந்தோ ஆட்களைக் கூட்டிவருவார்கள். சங்கிலியோடு கொண்டுவந்து நிறுத்துவதைக்கூட நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். பேச்சியையும் அதற்காகத்தான் அழைத்துவந்திருக்கிறார்கள். யோசனை சுப்பையாவுடையது.

"நல்லதுக்குத்தான் செஞ்சேன் சிஸ்டர்" என்றார் அவர். "அருவி எரைச்சலு, கூட்டம். தண்ணிக்கு அடியில நிறுத்தினதும் இவ பிச்சுக்கிட்டு ஓடிட்டா. அக்கா பின்னாலயே ஓடினா. பாசியில கால் வச்சிட்டா."

செல்லம்மாளைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, காலில் பட்டை ஒட்டி, கயிறு கட்டி, கால்மாட்டில் செங்கலைத் தொங்கவிட்டோம். அப்போதெல்லாம் அதுதான் வைத்தியம். எலும்பு கூடும்வரை அசையாமல் கிடக்க வேண்டும். பேச்சி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். சொன்னதைத் திருப்பிச் சொல்வாளே தவிர, தானாகப் பேச மாட்டாள். "பேச்சின்னு பேரு வச்சிருக்கு, பேச்சே வரலியே" என்று பக்கத்துக் கட்டில்களில் கேலி. செல்லம்மாள் அதற்கெல்லாம் பழகியவர்போல, "அவளுக்கு எல்லாம் தெரியும் தாயி. காட்டத்தான் தெரியாது" என்பார்.

வார்டில் சண்டை வெடித்தது மறுநாள் காலை. முதுகு துடைக்கச் செல்லம்மாளைக் கொஞ்சம் தூக்கினோம். வலியில் அலறிவிட்டார். பேச்சி சிரித்தாள். சின்னச் சிரிப்பில்லை, வாய் முழுக்கத் திறந்த சிரிப்பு, நிற்கவே இல்லை.

"பெத்தவ துடிக்கா, இது பல்லக் காட்டுதே! இதெல்லாம் ஒரு பொறப்பா?" என்று ஒரு பாட்டி காறித் துப்பாத குறை. சுப்பையா பாய்ந்துவந்து பேச்சியின் கன்னத்தில் அறைந்தார். "ஏட்டி, ஒன்னாலதான அவ இப்பிடிக் கெடக்கா! சிரிப்பு வருதாட்டி ஒனக்கு?" அறை விழுந்ததும் அவள் இன்னும் பலமாகச் சிரித்தாள். செல்லம்மாள் கட்டிலில் இருந்தபடியே, "அடிக்காதல தம்பி, அடிக்காதல" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

எஸ்தர் சிஸ்டர் வந்து இடையில் நின்றார். அவருக்கு வழக்கமாகச் சொல்வதுபோல நான் மெதுவாக, "சிரிக்கா சிஸ்டர். சந்தோசமா இருக்கிற மாதிரித்தான் இருக்கு மூஞ்சி" என்றேன்.

"மூஞ்சியப் பாக்காத. கையப் பாரு."

பார்த்தேன். பேச்சி இரண்டு கையையும் இறுக்கி மூடியிருந்தாள். நகம் உள்ளங்கையில் இறங்கி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

சிஸ்டர் அவளுக்குச் சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்தார். அவளைப் பார்க்காமல், எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "பேச்சி. அம்மாவத் திருப்பினா அம்மா கத்துவா. வலிக்கதுனால கத்துவா. பொறவு கத்த மாட்டா." சிரிப்பு தேய்ந்து நின்றது. பேச்சியும் அதே சுவரைப் பார்த்துக்கொண்டு, "கத்துவா. பொறவு கத்த மாட்டா" என்றாள்.

அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் செல்லம்மாளைத் தொடுவதற்கு முன்னால் பேச்சியிடம் சொன்னோம். அவள் அந்த வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே காத்திருப்பாள். சிரிப்பு வரவில்லை. சில நாளில் அவளே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, அம்மாவின் தலைக்குக் கீழே கையைக் கொடுத்து அணைத்துக்கொள்ளப் பழகினாள். செல்லம்மாளுக்குத் தண்ணீர் வேண்டும் என்பது எங்களுக்குத் தெரிவதற்கு முன் அவளுக்குத் தெரிந்துவிடும். தம்ளரை நீட்டுவாள், முகத்தைப் பார்க்காமல்தான். துப்பாத குறையாகப் பேசிய பாட்டி ஒருநாள் அவளைக் கூப்பிட்டு வாழைப்பழம் கொடுத்தது.

ஆனால் செல்லம்மாளுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. படுத்தே கிடப்பவர்களுக்கு வருகிற எமன் அது. காய்ச்சல் இறங்கவில்லை, மூச்சு வாங்கியது. டாக்டர் சுப்பையாவைத் தனியே அழைத்துச் சொல்லிவிட்டார். வெளியே வந்த சுப்பையா பேச்சியைக் காட்டி எங்களிடம், "இதுகிட்ட ஒண்ணும் சொல்லாண்டாம். இதுக்கு என்ன தெரியும்? நான் ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருதேன். அங்கன கெடக்கட்டும்" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

சிஸ்டர் ஒப்பவில்லை. "அவ இருக்கட்டும் அண்ணாச்சி. அம்மா எங்கன போனான்னு அவ தேடுவா. ஆயுசு பூரா தேடுவா."

அன்று சாயங்காலம் பேச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதே குரலில் சொன்னார். "பேச்சி. அம்மாவுக்கு மூச்சு கஷ்டமா இருக்கு. மருந்து கேக்கல. அம்மா செத்துருவா. மூச்சு நின்னுரும். பொறவு எந்திரிக்க மாட்டா. கூப்பிட்டா பேச மாட்டா. ஒன்மேல கோவத்துல இல்ல. செத்துப்போனா யாராலயும் பேச முடியாது."

பேச்சி ஒவ்வொரு வாக்கியத்தையும் திருப்பிச் சொன்னாள். கடைசியில், "கோவத்துல இல்ல" என்பதை மட்டும் மறுபடி மறுபடி சொன்னாள். கட்டிலில் செல்லம்மாள் கண்ணைத் திறந்திருந்தார். எல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சிஸ்டர் பக்கம் கையை நீட்டி, மூச்சுக்கு நடுவே, "சொல்லிட்டியளா தாயி… எனக்குச் சொல்லத் தைரியம் வரல" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டொரு நாளில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்லம்மாள் போய்விட்டார். ஊரிலிருந்து வந்திருந்த பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஒரே குரலாக ஒப்பாரியை எடுத்தார்கள். பேச்சி அழவில்லை. "மூச்சு நின்னுட்டு" என்றாள். பிறகு கட்டில்மேல் குனிந்து, தன் இரண்டு உள்ளங்கையாலும் அம்மாவின் காதுகளைப் பொத்தினாள்.

"பொணத்துகிட்ட வெளையாடுது பாரு" என்று ஒருத்தி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் எஸ்தர் சிஸ்டர் சத்தம் போட்டார். "எல்லாரும் வாய மூடுங்க!" அத்தனை வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "அவ அம்மாவுக்கு இந்தச் சத்தம் வலிக்குமேன்னு பொத்துதா. ஒங்களுக்கு வெளங்கலையா?"

வார்டு அமைதியானது. சத்தம் நின்றதும் பேச்சி கையை எடுத்துவிட்டாள். தலைமாட்டில் உட்கார்ந்து சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள். சுப்பையா சுவரில் முட்டிக்கொண்டு அழுதார். உடம்பை வண்டியில் ஏற்றியபோது அவர்தான் பேச்சியைக் கைபிடித்து ஏற்றிவிட்டார்.

சில மாதம் கழித்து, பொங்கலுக்குப் பிறகு என்று ஞாபகம், இரண்டு பேருக்கும் ஒரே நாளில் லீவு வந்தது. பேச்சியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று சிஸ்டர் கூப்பிட்டார். ஒரு சீப்புப் பழமும், அவள் விரலில் சுற்றிக்கொள்ள மெல்லிசாக ஒரு பருத்தித் துண்டும் வாங்கிக்கொண்டார். கடையத்தில் இறங்கி, அறுப்பு நடந்துகொண்டிருந்த வயல்களுக்கு நடுவே நடந்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

சுப்பையா களத்திலிருந்து வந்தார். எங்களைக் கண்டதும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வாயில் பொத்திக்கொண்டார். பேச்சி இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

அடிக்கவில்லை, கட்டிப்போடவில்லை, நேரத்துக்குச் சோறு போட்டோம் என்று அவர் மனைவி அழுதுகொண்டே சொன்னார். அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். பேச்சிக்கு எடுத்த புதுச்சேலை மடிப்புக் கலையாமல் கொடியில் கிடந்தது.

"ரெண்டு நாளா சோறு எறங்கல" என்றார் சுப்பையா. "சிமிண்டுத் தரையில வயித்த அமுக்கிக்கிட்டுக் குப்புறப் படுத்துக்கிட்டா. ஒரே சிரிப்பு சிஸ்டர். சிரிச்சுக்கிட்டே இருந்தா. ஆத்தா நெனப்பு மறந்து கொஞ்சம் சந்தோசமா இருக்கான்னு நாங்க நெனச்சோம். பொறவு ஒடம்பு நெருப்பாச் சுட்டுது. வில்வண்டியில போட்டுக் கொண்டுபோவும்போது வழியிலயே…"

குடல்வால் வெடித்திருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

"எதாவது சொன்னாளா?" என்று சிஸ்டர் கேட்டார்.

"அவ என்ன சொல்லுவா? ஒரே சொல்லத்தான். 'பேச்சி கத்துவா, பொறவு கத்த மாட்டா.' இதையே சொல்லிக்கிட்டுக் கெடந்தா. எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல."

சிஸ்டர் பழச்சீப்பை வாசற்படியில் வைத்தார். திரும்பி நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். பஸ் நிற்கிற இடத்தில்தான் அவர் நின்றார். அங்கே வந்ததும், "அவ சொல்லியிருக்கா கோமதி" என்றார். "வலிக்குன்னு சொல்லியிருக்கா. எனக்குத்தான் அந்தப் பாஷ தெரியும். அத நான் அவருகிட்டச் சொல்லி அனுப்பல." கையிலிருந்த பருத்தித் துண்டு கசங்கிப்போயிருந்தது. பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது. திடீரென்று, "அவரு மூஞ்சில என்ன இருந்துச்சு?" என்று கேட்டார்.

"தாந்தான் கொன்னுட்டோம்னு நெனைக்காரு சிஸ்டர்."

பஸ்ஸை விட்டுவிட்டுச் சிஸ்டர் வந்த வழியே நடந்தார். சுப்பையா நாங்கள் விட்டுவந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் அவர் தோளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, எனக்கு மனுசங்க மூஞ்சி வெளங்காது. இவதான் எனக்குச் சொல்லுவா. ஒங்களுக்குப் பேச்சி மூஞ்சி வெளங்கல. ஒங்களுக்குச் சொல்ல ஆள் இல்ல. நான் சொல்லியிருக்கணும். அவ பயந்தாலும் வலிச்சாலும் சிரிப்பா. கையப் பாக்கணும், கால் எப்பிடி வச்சிருக்கான்னு பாக்கணும், சாப்பிடாம இருக்காளான்னு பாக்கணும்."

சுப்பையா கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் அடுத்த பஸ்ஸில் தென்காசி திரும்பினோம்.

அதற்குப் பிறகு எங்கள் வார்டில் ஒரு புது வழக்கம் வந்தது. வாய் பேசாதவர்களோ, பேச்சியைப் போன்றவர்களோ வந்தால், கூட வந்தவர்களிடம் சிஸ்டர் முதலில் கேட்பது, "வலிச்சா இவ என்ன செய்வா?" பெற்றவர்கள்கூட முழிப்பார்கள். "பாத்துச் சொல்லுங்க" என்பார். வீட்டுக்கு அனுப்பும்போது நாங்கள் கண்டுபிடித்ததை அவர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லித்தான் அனுப்புவோம். சிஸ்டரும் பேச்சியைப் போன்றவர்தானா என்று இப்போது என்னைக் கேட்டால், எனக்குத் தெரியாது. யாரும் அவரைச் சோதித்துப் பார்க்கவில்லை. பெயர் வைக்க நான் யார்?

ஒன்றிரண்டு வருடம் போயிருக்கும். ஒரு முற்பகலில் சுப்பையா வார்டு வாசலில் வந்து நின்றார். தோளில் ஒரு பெண் குழந்தை, நாலைந்து வயது. பக்கத்து வீட்டுக்காரர்களின் பிள்ளை, பேச்சு வராதது. தாயும் தகப்பனும் பின்னால் மூச்சிரைக்க வந்தார்கள்.

"இது அழல சிஸ்டர்" என்றார் சுப்பையா. "நல்லாத்தான் இருக்குன்னு இவுக சொல்லுதாவ. ஆனா நேத்துலருந்து ஒரு கால மடக்கியே வச்சிருக்கு, நீட்ட விட மாட்டேங்கு. கையப் பாருங்க."

சிஸ்டர் பார்த்தார். சின்ன விரல்கள் இறுகியிருந்தன. டாக்டர் உடனே பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். வேன் வரும்வரை குழந்தையைக் கட்டிலில் கிடத்தி, என்னென்ன செய்யப்போகிறோம் என்று அதனிடம் சொல்லிச் சொல்லிச் செய்தோம். குழந்தை பிழைத்துக்கொண்டது என்று பின்னால் தெரியவந்தது.

வேனுக்குக் காத்திருந்தபோதுதான் சுப்பையா கேட்டார். "சிஸ்டர், பேச்சியையும் இப்பிடிப் பாத்துக் கூட்டிட்டு வந்திருந்தா?"

நான் சிஸ்டரைப் பார்த்தேன். இந்த ஒரு தடவை வேறு எதையாவது சொல்லட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"பொழச்சிருக்கலாம்" என்றார் சிஸ்டர்.

சுப்பையா மெதுவாகத் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. அந்தப் பதிலைத் தவிர வேறு எதையும் அவர் எதிர்பார்த்து வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. குழந்தையின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வேலை நேரத்தில் தனக்கென்று ஒரு நிமிஷம் ஒதுக்கிப் பழகாத சிஸ்டர், நோயாளிகள் காத்திருக்க, அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வேன் வரும்வரை இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.